லோகேஸ்வரனின் காருக்குள் ஷாரனின் ஆல்பம்

ஞாயிறு பூசை முடிந்து, மலேசியாவின் புக்கிட் செலம்பாவில் மாதா கோயில் வாசலுக்கு எதிரே, லோகேஸ்வரனின் காருக்குள் ஐந்து பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் வட்டாரத்திலேயே நல்ல ஸ்பீக்கர் இந்தக் காரில்தான். ஒலிப்பது ஷாரனின் முதல் ஆல்பம். கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே அவள் வாசித்துப் பதிவுசெய்த ப்ளூஸ் ராக். கோயில் பாடகர் குழுவை நடத்தும் அவள் அப்பா ஹெர்பர்ட் முன் இருக்கையில் இருக்கிறார். இது சாமிக்கு ஆகாத சத்தம் என்று அவருக்குப் பட்டால், ஷாரன் இனிக் கோயிலில் கிட்டாரைத் தொடக்கூடாது. கல்யாண விருந்தில் கிட்டார் தூக்கும் எந்த ஆணுக்கும் யாரும் இப்படிப் பரீட்சை வைப்பதில்லை. முதல் பாட்டில் கார் கதவே அதிர்கிறது, கிட்டாரைக் காணோம். "தைப்பூச ஊர்வலம் மாரி இருக்கு லா," என்று பின் இருக்கையில் என்னோடு நெருக்கி உட்கார்ந்திருக்கும் தோழி யோகேஸ்வரி சிரிக்கிறாள். "ஐயோ, உறுமி மேளப் பாட்டுக்கு ஏத்துன பேஸ் சவுண்ட எறக்கவே இல்ல!" என்று லோகேஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டு ஸ்டீரியோ குமிழைத் திருப்புகிறான். இப்போது கிட்டார் வருகிறது. ஒரே கம்பியை வளைத்து, விட மனமில்லாமல் இழுத்துப் பிடிக்கிறாள். கண்ணாடியில் வெயில் கொதிக்கிறது. யாரும் ஏசி கேட்கவில்லை. யோகேஸ்வரி புல்லரித்த கையை நீட்டிக் காட்டுகிறாள். "செம லா. ஆனா பாட்டுதான் கொஞ்சம் நீளம்," என்கிறான் லோகேஸ்வரன். ஷாரன் நகத்தைக் கடிக்கிறாள். ஹெர்பர்ட்டின் சப்பாத்துக் காலின் நுனி தாளம் போடுகிறது, முகம் மட்டும் இறுகியிருக்கிறது. பாட்டு முடிகிறது. "அடுத்த வாரம் பூசைக்கு கிட்டாரோட உன் பெரிய ஆம்ப்ளிஃபையரையும் தூக்கிட்டு வா," என்கிறார், மகளைத் திரும்பிப் பார்க்காமலே.