வாய் திறக்காத வகுப்பு

"பாடம் நடத்தாம இப்படி விளையாட்டு காட்டினா என் பொண்ணு எப்படிங்க பாஸ் பண்ணுவா?"

தலைமை ஆசிரியை கூப்பிட்டதும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார் டிரைவிங் ஸ்கூல்காரர். கையிலிருந்த தாள் வியர்வையில் நமத்துப் போயிருந்தது.

மகளின் பையிலிருந்து எடுத்த தாள். முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள்.

'இடமிருந்து வலம்: முகமே நிலவு என்பது. ஐந்தெழுத்து.'

'மேலிருந்து கீழ்: புகழ்வது போல் இகழ்வது. ஒன்பது எழுத்து.'

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் பொழுது போகாதவர்கள் நிரப்புகிற குறுக்கெழுத்து. இதை வைத்தா அணி இலக்கணம் சொல்லிக்கொடுப்பார்கள்?

எட்டாம் வகுப்புக்கு வரும் தமிழ் டீச்சர் யாரையும் எழுப்பிக் கேள்வி கேட்பதே இல்லையாம். தாளை நீட்டிவிட்டுச் சும்மா சுற்றி வருவாராம். பரீட்சையிலோ வாய்மொழிக்கு மட்டும் இருபது மார்க். இன்னும் இரண்டே வாரம்.

நேற்று சாயங்காலம் அவரே உட்கார வைத்துக் கேட்டுப் பார்த்தார்.

"உவமைக்கும் உருவகத்துக்கும் என்ன வித்தியாசம்? சொல்லு."

மகள் திருதிருவென்று விழித்தாள்.

"கட்டத்துல மட்டும் ரெண்டையும் சரியா எழுதியிருக்க?"

"எழுதினா வருதுப்பா. கேட்டா வரமாட்டேங்குது."

"பக்கத்துல இருக்கிறவளைப் பார்த்து எழுதினா வரத்தான் செய்யும்."

காலையில் வேனில் ஏறுவதற்கு முன்னால், "நீங்க ஸ்கூலுக்கு வராதீங்கப்பா, ப்ளீஸ்" என்று கெஞ்சினாள். குட்டு உடைந்துவிடும் என்ற பயம்தான், வேறென்ன என்று கிளம்பி வந்துவிட்டார்.

போன் அடித்தது. அவரிடம் வண்டி பழகும் ஒரு அம்மா.

"சார், ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்ல இடிச்சுட்டேன். எனக்கு இது வராது சார், விட்டுடறேன்."

"அட, இடிக்காம யாரும்மா வண்டி பழகினாங்க?" அவர் குரல் தணிந்து, கனிந்து வந்தது. "பயந்தா கை உதறும். கை உதறினா தெரிஞ்சதும் மறந்து போகும். நாளைக்கு வாங்க, பொறுமையா பார்த்துக்கலாம்."

போனை வைப்பதற்குள் உள்ளேயிருந்து அழைப்பு வந்துவிட்டது. ஒத்திகை பார்த்த வசனத்தை ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லி, தாளை மேஜைமேல் வைத்தார்.

தலைமை ஆசிரியை தமிழ் டீச்சரை வரச் சொன்னார். கைவிரலில் சாக்பீஸ் தூளோடு வந்து நின்றார் டீச்சர். முப்பது வயதிருக்கும்.

"வாய்மொழிப் பயிற்சியை ஏன் நிறுத்துனீங்க?"

டீச்சர் ஒருமுறை டிரைவிங் ஸ்கூல்காரரைப் பார்த்தார். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார்.

"தொண்டை கொஞ்சம் சரியில்லை மேடம். கத்த முடியலை. அதான்..."

"உங்க தொண்டைக்காகப் பிள்ளைங்க மார்க்கை இழக்கணுமா? நாளையிலேர்ந்து பழையபடி ஒவ்வொருத்தரையா எழுப்பிக் கேளுங்க. இனிமே கட்டமெல்லாம் வேண்டாம்."

"சரி மேடம்."

நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது அவருக்கு. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

"சார், ஒரு நிமிஷம்."

டீச்சர்தான். பின்னாலேயே வேகமாக வந்திருந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கட்டத்தை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா மேடம் கேட்பாங்க."

"நான் ஏங்க சொல்லணும்? உங்களுக்குத் தொண்டை வலின்னா லீவு போடுங்க."

"என் தொண்டைக்கு ஒண்ணுமில்லை. அங்கே மேடம் முன்னாடி சொல்ல வேண்டாமேன்னு பார்த்தேன். கிளாஸ்ல ஒரு பொண்ணு. அவளுக்காகத்தான் இதை ஆரம்பிச்சேன்."

"ஒரு பொண்ணுக்காகவா?"

"அவளை மட்டும் விட்டுட்டு மத்தவங்களைக் கேட்டா, ஏன்னு எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பாங்க. அதனால எல்லாருக்குமே கட்டத்தைக் கொடுத்துட்டேன். எழுதச் சொன்னா அவதான் முதல்ல முடிக்கிறா. வஞ்சப்புகழ்ச்சிக்கு அவ எழுதின உதாரணத்தைப் படிச்சுட்டு நான் வாய்விட்டுச் சிரிச்சிருக்கேன்."

அவருக்கு எரிச்சலாக இருந்தது. "யார் வீட்டுப் பொண்ணுக்கோ பாவம் பார்த்து என் பொண்ணு வாழ்க்கையில விளையாடுறீங்க. அப்படி என்னங்க வியாதி அவளுக்கு? திக்குவாயா?"

"வியாதியெல்லாம் இல்லை சார்." டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கேள்வி கேட்டுக்கிட்டே பக்கத்துல போனா, வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கையாலயும் கன்னத்தைப் பொத்திக்கிறா. பதில் தப்பா இருந்தா அடி விழும்னு அவளுக்கு எங்கேயோ பழகிப்போச்சு."

எதிர் வகுப்பில் யாரோ எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ அப்பாகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு ரொம்ப நாளா தயங்கிக்கிட்டே இருந்தேன் சார்," என்றார் டீச்சர். "இன்னிக்கு நீங்களே வந்துட்டீங்க."