முள்ளெலிக்கு மூச்சு ஓடுகிறதா

குளிர் குறைந்து டிசம்பரிலும் இலை உதிர்க்காத காட்டில், குளிர்காலம் முழுதும் தூங்க வேண்டிய முள்ளெலிகளுக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் ஜெர்மனியின் ஒரு சிற்றூரில் வீட்டுக்கொரு முள்ளெலி பிரிட்ஜில் தூங்கியது. நவம்பரில் வன அலுவலகத்தில் கொடுப்பார்கள். மார்ச்சில் காட்டுக்குத் திருப்பித் தர வேண்டும். அதுவரை தொடக்கூடாது.

குகநேசனால் தொடாமல் இருக்க முடியவில்லை. வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் அதன் வயிற்றில் விரல் வைத்துப் பார்ப்பார். அசைந்தால் நிம்மதி, அதுவும் ஒரு மணி நேரத்துக்கு.

"தொடாதேங்கோ, எழும்பிடும்," என்பாள் மனைவி தவமலர்.

மார்ச்சில் வன அலுவலகப் பெண் அதை எடை போட்டாள். நவம்பரில் இருந்ததில் பாதிகூட இல்லை.

"யாரோ எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். விழிக்கும்போதெல்லாம் உடம்பில் கொழுப்புக் கரைந்துவிடும். இனிப் பிழைக்காது."

திரும்பும் பஸ்ஸில் குகநேசன், "செத்துப்போச்சோ எண்டுதானப்பா பாத்தனான்," என்றார்.

தவமலர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "என்ரை ஒப்பரேசனுக்குப் பிறகு, நான் படுத்தாப் போதும், மூக்கடியிலை விரல் வைச்சுப் பாக்கிறியள். ஒவ்வொருக்காவும் முழிச்சுப்போடுவன். நீங்கள் கவலைப்படுவியள் எண்டு கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறன்."