ஐஸில் வைக்காத ரத்தம்

இயந்திரம் ஏழு என்றது.

ஆய்வகத்துக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஏழு ஏழாகவே இருந்தது.

காலையில் நாலுதான். சாரம் சரிந்து மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தவனுடைய ரத்தம். அடிபட்ட உடம்புக்குள் பிராணவாயு சரியாகப் போய்ச் சேராவிட்டால் ரத்தத்தில் லாக்டேட் ஏறும். இறங்கினால் ஆள் தேறுவான் என்று நம்பலாம். ஏறிக்கொண்டே போனால் டாக்டர்கள் வீட்டாரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

இவனுக்கு வீட்டார் என்று இருப்பது அவள் ஒருத்திதான். அவளுடைய தம்பி.

லீவு போடு என்று எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் மூடிய கதவை வெறித்துக்கொண்டிருப்பதற்கு வேலையே மேல் என்று வந்து உட்கார்ந்துவிட்டாள். தூக்கம் போய் இரண்டு நாளாகிறது. அழுகையும் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

பிடித்துக்கொள்ள ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. இந்தப் பரிசோதனைக்கு ரத்தத்தை ஐஸில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். வைக்காவிட்டால் வருகிற வழியிலேயே லாக்டேட் தானாக ஏறி, இல்லாத ஆபத்தை இருப்பதாகக் காட்டிவிடும்.

இந்த ஐஸை வைத்து அவளுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸுக்கும் ஏழாம் பொருத்தம். இவள் ரத்தத்தைத் திருப்பி அனுப்புவாள். நர்ஸ் லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கி வந்து சண்டை பிடிப்பாள். தன் மேல் தப்பு என்று அந்த அம்மாள் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஆய்வகத்தில் எல்லோரும் அந்த அம்மாளுக்கு வைத்திருந்த பெயர் கறார்.

போனை எடுத்து அந்தப் பிரிவின் எண்ணை அழுத்தினாள். முடிவு கணினி வழியாக ஏற்கெனவே அங்கே போயிருக்கும். நர்ஸும் டாக்டரும் பார்த்திருப்பார்கள்.

"சிஸ்டர், ஐஸ்ல வைக்காமத்தானே அனுப்பினீங்க?"

அந்தப் பக்கம் ஏதோ கருவி கூவிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் இந்நேரம் கறார் அவளைக் கிழிகிழியென்று கிழித்திருப்பாள்.

"ஆமாம்மா. மறந்துட்டேன், என் தப்புதான். வேற எடுத்து அனுப்புறேன். நீ போய் ஏதாவது சாப்பிடு."

சரி சிஸ்டர் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பிறகு மேஜை மேல் இருந்த பையை எடுத்துக்கொண்டு போய்க் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். தம்பியின் ரத்தத்தை அதற்குள்ளிருந்துதான் எடுத்திருந்தாள்.

ஐஸ் பாதிகூட உருகியிருக்கவில்லை.