ஒன்றும் மாறாத திருத்தம்

டக். டக். டக்.

விசைப்பலகைச் சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது. சிசாலா கதவைத் தள்ளினான். அறையில் முதிந்தா மட்டும் இருந்தாள். ஒரு கண் திரையில், ஒரு கண் சுவர்க் கடிகாரத்தில். நாலு நாற்பது.

"லுசாகாவிலேயே வேகமான விரல் உங்களதுதான் அக்கா."

"விஷயத்துக்கு வா தம்பி. நேரமில்ல."

சக்கர நாற்காலிக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் பட்டியல் அவள் பொறுப்பு. முன்பெல்லாம் ஒரு பெயருக்கு ஒன்பது பக்கம் திறக்க வேண்டும். சிசாலாதான் அதை ஒரே பக்கமாக, நாலே பொத்தானாகச் சுருக்கியவன். சேர், பார், திருத்து, நீக்கு. அலுவலகமே கோழி வாங்கிக் கொண்டாடியது.

"இன்னைக்கு மட்டும் முன்னூறு தடவை 'திருத்து' அழுத்தியிருக்கீங்க. ஒரு எழுத்துகூட மாறல."

"ஆமா."

"வேலை பார்க்கற மாதிரி நடிக்கறீங்களா? உங்க ஒப்பந்தத்தை நீட்டிக்கலாமான்னு என்னைத்தான் கேட்டிருக்காங்க. வேண்டாம்னு பாதிக் கடிதம் அடிச்சாச்சு."

விரல் நிற்கவில்லை.

"காதுல விழுதா? அப்படி என்ன, அஞ்சு மணிக்குப் பஸ்ஸைப் பிடிக்கணுமா?"

"மீதிப் பாதியையும் அடி. அஞ்சு மணி வரைக்கும் என்னை விட்டுடு."

"அஞ்சு மணிக்கு என்ன?"

அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் புரோகிராம் உனக்கே மறந்துபோச்சா? தொண்ணூறு நாளா யாரும் தொடாத பேரையெல்லாம் அது வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குத் தானா நீக்கிடும். நாற்காலி வர ரெண்டு வருஷமாகுது. சும்மா காத்துக்கிட்டிருக்கற பிள்ளையோட பேரை யார் தொடுவாங்க? 'திருத்து' அழுத்தினா தொட்ட கணக்கு."

சிசாலா அவள் திரையைக் குனிந்து பார்த்தான். "சொல்லியிருக்கலாமே அக்கா."

"மூணு தடவை சொன்னேன். 'ஆளாளுக்கு விதிவிலக்கு போட்டா எளிமை எங்க இருக்கும்'னு சிரிச்சே."

அந்த விதியை மாற்றிப் புரோகிராமில் ஏற்ற ஒரு மணி நேரமாவது ஆகும். கடிகாரத்தில் பதினெட்டு நிமிடம்தான் பாக்கி.

"இன்னும் எத்தனை பேர்?"

"நூத்திப் பத்து."

நாற்காலியை இழுத்துப்போட்டு அடுத்த கணினியில் உட்கார்ந்தான். தன் கணக்கில் நுழைந்ததும் முன்னே வந்த பாதிக் கடிதத்தை அழித்தான்.

"நீங்க மேலேருந்து வாங்க. நான் கீழேருந்து வரேன்."

அவள் அதற்குள் அடுத்த பிள்ளையின் பெயரைத் திறந்திருந்தாள்.