இடம் காட்டாத போன்

"இந்தச் சனியன் இனிமே வேணாம் தம்பி!" ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் தன் போனைக் கடை மேசைமேல் வைத்தார். "நேத்து பூங்காவுல நிம்மதியா உக்காந்திருந்தேன். வீட்டுக்காரி வந்து நிக்கிறா! யாரு சொன்னது? இதுதான்!"

"இத்தனை வருஷமா இதே கம்பெனிதானே சார்?"

"விசுவாசமா இருந்தேன்ல, அதான் தலைமேல ஏறி உக்காந்துக்கிச்சு. வேற கம்பெனி போனுக்கு மாத்து. போட்டோ, நம்பரெல்லாம் வரணும். வேவு பாக்குற புத்தி மட்டும் வரக்கூடாது!"

கடைக்காரர் போனுடன் உள்ளே போனார். திரும்பி வந்து, நீலக் கவர் போட்ட போனை நீட்டினார். டிரைவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு வெற்றிச் சிரிப்பு!

அந்த நேரம் பார்த்து மனைவி மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"இனிமே நான் எங்க இருக்கேன்னு உனக்குத் தெரியாதுடி!" என்று சொல்லிவிட்டு, அவர் விறுவிறுவென வெளியே நடந்தார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கும் கவரைத்தானேப்பா மாத்தின?"

"ஆமாம்மா. போன வாரம் சிவப்புக் கவருக்கு மாத்தினது சாருக்கு ஞாபகமே இல்ல."

அவள் தன் போனைப் பார்த்தாள். அவர் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி, வீட்டுக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, நில்லுங்க!" என்று கூவியபடி ஓடினாள்.