கைகளை எடுத்த பிறகு

தொலைக்காட்சியில் எட்வின் பியானோ வாசிப்பதை ஊரே பார்த்திருக்கிறது, கேட்டதில்லை. முகம் அவருடையது, ஒலிப்பதிவில் வாசித்தது வேறு யாரோ. படப்பிடிப்பில் சத்தம் வராமலிருக்கப் பியானோவின் தந்திகள்மேல் கம்பளியைத் திணித்துவிடுவார்கள். அவர் விரலசைத்துச் சிரித்தால் போதும். கடைசி நிகழ்ச்சிக்கு மட்டும் பிடிவாதம் பிடித்தார்.

“இன்னிக்காவது நான் வாசிக்கிறது கேக்கணும் தம்பி.”

“கம்பளிய எடுத்தாச்சு சார். பிச்சு உதறுங்க” என்றான் இயக்குநர்.

கட்டைகளைத் தொட்டதும், தண்ணீர் ஏறுவதுபோல இசை அரங்கை நிறைத்தது. கேட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். நடுவில் அவர் விரல் வழுக்கித் தப்பான கட்டையில் விழுந்தது. இசையில் தப்பு எதுவும் கேட்கவில்லை. வலக்கையை எடுத்துப் பார்த்தார். பிறகு இடக்கையையும் எடுத்தார். இசை நிற்கவில்லை.

எட்வின் எழுந்தார். படியிறங்கி, முதல் வரிசையில் மனைவி ரோஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்தார். மேடையில் வெறும் நாற்காலிமேல் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது.

“நல்லாத்தான் வாசிக்கிறான்” என்று முணுமுணுத்தார்.

ரோஸ்லின் கண்ணைத் திறக்கவில்லை.

“உஷ்… பேசாம கேளுங்க. இன்னிக்குத்தான் எங்க வீட்டுக்காரரு நெசமா வாசிக்கிறாரு.”