கேட்டதும் எழுதியதும்

"இவ்வளவுதானா?"

எழுத்தாளர் நவநீதகிருஷ்ணன் தாளைப் புரட்டினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

மேடையில் நின்ற மாரிசெல்வி, "ஆமாங்கய்யா" என்றாள்.

"இவங்க பேரு வீரலட்சுமி. வெம்பக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். நல்ல மனசுக்காரங்க." எழுத்தாளர் சத்தமாகவே வாசித்தார். "அரை மணி நேரம் ஒருத்தரோட முகத்தைப் பாத்துக் கேட்டதுக்கு இதானாம்மா? ரேஷன் கார்டுல இதைவிடக் கூடுதலா இருக்குமே!"

மண்டபமே சிரித்தது.

வீரலட்சுமிக்கு முகம் சுண்டிப்போனது. சிரிப்பு மாரிசெல்விக்கு மட்டுமா? ரேஷன் கார்டாகிப் போனது தானுமல்லவா!

சாத்தூரில் அன்று சிறுகதைப் பயிலரங்கம். மதுரையிலிருந்து வந்திருந்த நவநீதகிருஷ்ணன் காலையிலேயே ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். முன்பின் தெரியாதவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். மனம்விட்டுப் பேச வேண்டும். பிறகு, எதிரே இருப்பவரைப் பற்றி எழுத வேண்டும்.

"பூசி மெழுகாதீங்க. கேட்டதை எழுதுங்க. கதைக்கு இரக்கம் பாக்கத் தெரியாது" என்றார்.

வீரலட்சுமிக்கு ஜோடியாக வந்தவள்தான் மாரிசெல்வி. தாயில்பட்டிக்காரி. பட்டாசுக் கம்பெனியில் வேலை. சீசன் நேரத்தில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

இரண்டு கதை பத்திரிகையில் வந்தவள் வீரலட்சுமி. அந்தப் பெரிய மனிதர் வாயால் ஒரு 'சபாஷ்' வாங்கிவிட வேண்டும் என்று ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தவள்.

வாங்கியும்விட்டாள்.

மாரிசெல்விக்கு முன்னால் மேடையேறியது அவள்தான். மாரிசெல்வியின் புருஷன் பாண்டிராஜ், வெடிவிபத்தில் இரண்டு கையும் பொசுங்கிப்போனவன். அவனுக்கு ஊட்டிவிட்டுவிட்டு வேலைக்கு ஓடும் மனைவி. கடைசி வரிக்கு முன்னால் சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்தி வாசித்தாள்.

"'அன்னைக்கே போய்ச் சேந்திருந்தா அந்த மனுசனுக்கும் நல்லது, எனக்கும் நல்லதுன்னு ஒருநா நெனச்சுட்டேன்' என்றாள் மாரிசெல்வி."

கைதட்டல். எழுத்தாளர் எழுந்து நின்றே தட்டினார். அவருக்குப் பொன்னாடை போர்த்த மத்தியானம் வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த வீரலட்சுமியின் கணவர் அய்யப்பனும் தட்டினார்.

ஏற்பாட்டாளர் தருண்குமார் அவள் வாசித்ததைப் போனில் வீடியோ எடுத்திருந்தான். "குரூப்ல போட்டுரவாக்கா?"

"போடுங்க தம்பி."

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மாரிசெல்வி குனிந்த தலை நிமிரவில்லை. கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள் வீரலட்சுமி.

கூட்டம் முடிந்து ஆளாளுக்கு வந்து பாராட்டினார்கள். டீ கையிலேயே ஆறியது. அவளுக்கு நிலைகொள்ளவில்லை. காலையில் எவ்வளவு பேசினாள்! யாரிடமும் பேசாததையெல்லாம் அல்லவா அந்தப் பெண்ணிடம் பேசினாள்! அத்தனைக்கும் மூன்று வரிதானா?

"அக்கா, வீடியோ நம்ம வட்டாரத்துல எல்லா குரூப்புக்கும் போயிருச்சு!" என்று தருண்குமார் சொல்லிக்கொண்டே போனான்.

அதுகூடக் காதில் சரியாக விழவில்லை. அவள் கண் மாரிசெல்வியைத் தேடியது.

வாசலைத் தாண்டிப் பஸ் ஸ்டாப்பில் நின்றாள் அவள். வீரலட்சுமி வேகமாகப் போனாள்.

"ஏன் செல்வி, நான் பேசுனது ஒண்ணுமே உன் காதுல ஏறலையா?"

"ஏறுச்சுக்கா."

"அப்புறம் என்ன? எழுத வரலைன்னா என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல? உன் கதையை நான் எப்படி எழுதியிருந்தேன்! நீ சபையில என்னைப் பாத்துச் சிரிக்க வச்சுட்டியே."

மாரிசெல்வி தரையைப் பார்த்தாள்.

"ரெண்டு பக்கம் எழுதியிருந்தேங்க்கா. மத்தியானம் சார் வரவும் கிழிச்சுட்டு, வேற எழுதினேன்."

"எந்தச் சாரு?"

"உங்க வீட்டுக்காரக."

"அவரு வந்தா உனக்கென்ன?"

மாரிசெல்வி சுற்றுமுற்றும் பார்த்தாள். கார்ப் பக்கம் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார் அய்யப்பன். அவள் நெருங்கி வந்து குரலை இறக்கினாள்.

"'அவரு வெளியூர் போற அன்னைக்குத்தான் அந்த வீட்டுல எனக்கு மூச்சே வருது'ன்னு சொல்லி அழுதீகளே, அதைத்தாங்க்கா எழுதியிருந்தேன். அவுக மொத வரிசையில உக்காந்திருக்கையில அதை எப்படிப் படிக்க?"

வீரலட்சுமி திரும்பிக் கார்ப் பக்கம் பார்த்தாள். கையில் இருந்த போன் விடாமல் அதிர்ந்தது. பாராட்டு மேல் பாராட்டாக வந்து விழுந்தது.

தாயில்பட்டி பஸ் வந்து நின்றது. படியில் ஏறிய மாரிசெல்வி, வெளிறிப்போன அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னாள்:

"இதுக்குப் போயி சங்கடப்படாதீக. நீங்க மட்டும் என்ன, எங்க வீட்டுக்காரரு காதுக்குப் போகாதுன்னு தெரிஞ்சுதானக்கா படிச்சிருப்பீக?"